குற்றவாளிக் கூண்டில் ஒன்பதாம் எண்

2025 அக்டோபர் 14 அன்று கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வழியை இந்தியா அடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து இந்தியக் கால்பந்து ரசிகர்கள் கூடும் இடத்திலெல்லாம் ஒரே தீர்ப்புதான்: "அடிக்க ஆளில்லை." தீர்ப்பு புதிதல்ல. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையிலிருந்து ஒரு கோல்கூட இல்லாமல் அணி ஊர் திரும்பியபோதும் இதையேதான் சொன்னார்கள். அந்த ஜூனில் கொல்கத்தாவில் குவைத்துடன் கோலின்றி டிரா ஆனபோதும் அப்படியே. ஃபடோர்டாவுக்கு அடுத்த மாதம் டாக்காவில் பங்களாதேஷிடம், இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல்முறையாகத் தோற்றபோது சத்தம் இன்னும் கூடியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வாதத்தைக் குறைத்துக் காட்டி மறுப்பது அழகல்ல, முழுதாகவே சொல்லிவிடுகிறேன். சுனில் சேத்ரிக்குப் பிறகு இந்தியாவுக்கு ஸ்ட்ரைக்கர் கிடையாது. ஏன் கிடையாது? இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கிளப்கள் ஸ்ட்ரைக்கருக்கான ஒன்பதாம் எண் சட்டையை வெளிநாட்டுக்காரர்களுக்கே எழுதி வைத்துவிட்டன. நம் பையன்கள் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள், அல்லது பெஞ்சில் உட்கார்கிறார்கள். ஆகவே முன்வரிசையில் வெளிநாட்டவரைத் தடை செய்ய வேண்டும். அதுவரைக்கும் வெளிநாட்டில் ஆடும் இந்திய வம்சாவளிக்காரர் யாரையாவது கூட்டிவர வேண்டும். பயிற்சியாளர் பயந்து ஒதுங்காமல் இரண்டு ஸ்ட்ரைக்கர்களை இறக்க வேண்டும். இது ரசிகர்கள் மட்டும் பேசுவதல்ல. ஐந்து ஆண்டு பயிற்சியாளராக இருந்த இகோர் ஸ்டிமாச்சே, கிளப்களில் இந்திய முன்கள வீரர்களுக்கு ஆட இடமில்லை என்று திரும்பத் திரும்பப் புலம்பியவர்தான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு ஆள்மீது பழி, ஒரே ஒரு விதியில் பரிகாரம். ஆனால் இந்த வாதத்தை எந்த ஆட்டத்தின் மீது வைத்துப் பார்த்தாலும் பொருந்த மறுக்கிறது.

முதலில் சேத்ரி. அவர் இல்லாததுதான் நோய் என்றால், அவர் இருந்த ஆட்டங்களில் நோய் இருந்திருக்கக் கூடாது. கத்தாரில் மூன்று ஆட்டங்களிலும் அவர் ஆடினார். ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. 151 ஆட்டங்களில் 94 கோல் என்ற கணக்கோடு 2024 ஜூனில் விடைபெற்றாரே, அந்தக் கடைசி ஆட்டம்தான் குவைத்துடனான 0-0. பிறகு 2025 மார்ச்சில் ஓய்வை முறித்துக்கொண்டு திரும்பி வந்தார். மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் ஒரு கோல் அடித்தார், மகிழ்ச்சி. ஆறு நாள் கழித்து அதே ஷில்லாங்கில் பங்களாதேஷுடன் மறுபடியும் 0-0. இந்தியக் கால்பந்து கண்ட மிகச் சிறந்த கோல்காரர் ஆடுகளத்தில் நிற்கும்போதே கோல் வரவில்லை. இதற்குப் பிறகும் "சேத்ரி மாதிரி ஒருத்தன் வேணும்" என்பவரிடம், சேத்ரியே இருந்தாரே ஐயா என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

கத்தாருக்குப் போன அந்த அணியில் யார் இல்லை என்று பார்த்தால் விஷயம் இன்னும் துலக்கமாகும். காயத்தால் வராமல் போனவர்களில் மூன்று பேர் முக்கியமானவர்கள்: அன்வர் அலி, ஜீக்சன் சிங், ஆஷிக் குருணியன். ஒருவர் தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்பவர், ஒருவர் நடுக்களத்தின் பின்பகுதி, ஒருவர் இடது ஓரம். மூவரில் யாரும் ஒன்பதாம் எண் அல்ல. ஆனால் பந்தைப் பின்னாலிருந்து முன்னுக்குக் கொண்டுபோகும் பாதை இந்த மூவர் வழியாகத்தான் ஓடியது. அன்வர் அலியின் காலில் பந்து இருந்தால் அது எதிரணியின் முதல் வரிசையைத் தாண்டிப் போகும். ஜீக்சன் முதுகில் ஆள் ஒட்டியிருக்கும்போதும் பந்தை வாங்கித் திரும்பக் கூடியவர். ஆஷிக் வாங்கிய பந்தோடு இருபது கஜம் ஓடுவார். அந்தப் பாதை முழுக்க அறுந்துபோன அணிதான் ஆசியக் கோப்பைக்குப் போனது. ஸ்ட்ரைக்கர்கள் எல்லோரும் நலமாகத்தான் இருந்தார்கள்.

அந்தப் பாதை அறுந்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தொலைக்காட்சியில் யாரும் இதைப் பார்ப்பதில்லை. சென்டர் பேக்கிடம் பந்து வருகிறது. எதிரணியிலிருந்து இரண்டு பேர் அவரை நோக்கி ஓடி வருகிறார்கள். அவருக்கு முன்னால் நிற்கும் நடுக்கள வீரர், பந்து வரும் திசையைப் பார்த்தபடி எதிரணி கோலுக்கு முழு முதுகையும் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவரிடம் கொடுத்தால் அவருக்கு ஒரே வழிதான்: திருப்பிக் கொடுப்பது. ஆகவே பந்து கோல்கீப்பரிடம் போகிறது. குர்ப்ரீத் சிங் சந்து ஓங்கி உதைக்கிறார். ஐம்பது கஜத்துக்கு அப்பால், தன்னைவிடப் பெரிய இரண்டு டிஃபெண்டர்களுக்கு நடுவே நம் ஸ்ட்ரைக்கர் எம்பிக் குதிக்கிறார். பந்து அவர் தலையில் பட்டாலும் அது விழும் இடத்தில் நம் ஆள் இல்லை, ஏனென்றால் மற்றவர்கள் இன்னும் பின்னால்தான் இருக்கிறார்கள். பந்து போய்விட்டது. இனி என்ன? 4-4-2 தற்காப்பு அமைப்பில் முதல் தற்காப்பாளரே ஸ்ட்ரைக்கர்தான். திரும்பி நாற்பது கஜம் ஓடி வர வேண்டும். இப்படி ஒரு பாதியில் எத்தனை முறை! எழுபதாவது நிமிடத்தில் ஒரே ஒரு கிராஸ் அவர் முன்னால் வந்து விழும்போது கால் ஈயமாகக் கனக்கிறது. அதைத் தவறவிடுகிறார். அந்த மூன்று விநாடிகள் மட்டும் ஆட்டச் சுருக்கத்தில் வரும்.

ஐந்து நிமிட ஹைலைட்ஸைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்வதால் வரும் வினை இது. அந்தச் சுருக்கத்தில் கடைசிப் பாஸும் ஷாட்டும் மட்டுமே இருக்கும். அரை மணி நேரம் பந்து நடுக்கோட்டைத் தாண்டாமல் கிடந்தது அதில் வராது. பார்ப்பவன் கண்ணுக்கு ஸ்ட்ரைக்கரும் கோல்கீப்பரும் மட்டுமே தெரிகிறார்கள். குற்றவாளிப் பட்டியலும் அப்படியே அமைந்துவிடுகிறது. பந்திக்குச் சோறே வராமல் இலைமுன் உட்கார வைத்துவிட்டு, இவனுக்குச் சாப்பிடத் தெரியவில்லை என்று ஏசுகிறோம்.

எதிர்வாதத்துக்கு வலுவான சாட்சி ஒன்று உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. வந்த வாய்ப்புகளையும் தவறவிட்டார்களே! ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டம் 0-0 என்றிருந்த தொடக்க நேரத்தில், நிகில் பூஜாரியின் கிராஸுக்கு சேத்ரி பாய்ந்து கொடுத்த தலையடி வெளியே போனது. கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ரஹீம் அலி கோல்கீப்பருக்கு நேர் எதிரே போய்நின்றும் அடிக்க முடியவில்லை. உண்மைதான். இரண்டையும் அடித்திருக்கலாம்.

ஆனால் கணக்கைப் போடுங்கள். பெனால்டியே நூற்றில் இருபது தடவைக்கு மேல் வீணாகிறது. அதுவும் குறுக்கே ஆளே இல்லாமல், பன்னிரண்டு கஜத்திலிருந்து, நின்று நிதானமாக அடிக்கும் பந்து. பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடிப்பதில் நூற்றுக்கு மூன்று நான்குதான் உள்ளே போகும். எல்லா வகை ஷாட்டுகளையும் சேர்த்தால் பத்துக்கு ஒன்று என்பது உலகெங்கும் ஏறத்தாழப் பொருந்தும் விகிதம். எக்ஸ்ஜி (எதிர்பார்க்கப்படும் கோல்) என்று இன்று பேசப்படும் கணக்கெல்லாம் இந்த அடிப்படையிலிருந்து எழுந்ததே. உலகின் தலைசிறந்த ஸ்ட்ரைக்கர்களும் கைக்கு வந்த நல்ல வாய்ப்புகளில் பாதியளவுக்கு வீணடிப்பவர்கள்தான். அவர்களுக்கு அடுத்த வாய்ப்பு பத்து நிமிடத்தில் வந்துவிடும், நமக்கு அடுத்த ஆட்டத்தில்தான் வரும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு வாய்ப்பு உண்டாக்கும் அணி, அந்த ஒன்றைத் தவறவிட்டவனைக் காலம் முழுவதும் திட்டிக்கொண்டே இருக்கும். வாய்ப்புகளின் எண்ணிக்கையை ஐந்தாக்கினால், அதே ரஹீம் அலி நல்ல ஸ்ட்ரைக்கர் ஆகிவிடுவார்.

அடித்த கோல்களின் ஜாதகத்தைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. 2024ஆம் ஆண்டு முழுவதும் இந்தியா பதினோரு ஆட்டம் ஆடியது, ஒரு வெற்றிகூட இல்லை, நான்கே கோல். அதில் ஒன்று ஆப்கானிஸ்தானுக்கு எதிராக சேத்ரி அடித்த பெனால்டி, ஒன்று மலேசியாவுக்கு எதிராக டிஃபெண்டர் ராகுல் பேகே கார்னரில் முட்டியது. மிச்சம் இரண்டு: கத்தாருக்கு எதிராக லாலியன்சுவாலா சாங்தே அடித்தது, வியட்நாமுக்கு எதிராக ஃபரூக் சௌத்ரி அடித்தது. 2025 மார்ச்சில் மாலத்தீவுக்கு எதிரான மூன்றும் தலையடிகள். முதல் இரண்டும் கார்னரில் பிறந்தவை. ஆகஸ்டில் தஜிகிஸ்தானை 2-1 என்று வென்றோமே, அந்த இரண்டையும் அடித்தவர்கள் அன்வர் அலியும் சந்தேஷ் ஜிங்கனும். இருவருமே தற்காப்பு வீரர்கள். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் முதல் ஐந்து ஆட்டங்களில் கிடைத்தது இரண்டே கோல்: சிங்கப்பூரில் எதிரணி டிஃபெண்டரின் பிழையைப் பிடுங்கி ரஹீம் அலி அடித்தது ஒன்று, ஃபடோர்டாவில் சாங்தே தொலைவிலிருந்து வெடித்தது ஒன்று. பின்னாலிருந்து நான்கு பாஸில் கோத்துக் கொண்டுபோய் அடித்த கோலை இந்தப் பட்டியலில் விரல்விட்டுத் தேட வேண்டும். கார்னரும் த்ரோவும் எதிரி கொடுத்த பரிசும்தான் நம் தாக்குதல்.

பந்து நன்றாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2023 ஜூலை 4, பெங்களூரு, தெற்காசிய நாடுகளுக்கான சாஃப் கோப்பை இறுதி, எதிரணி குவைத். இந்தியா ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது. முப்பத்தெட்டாவது நிமிடம். ஆஷிக்கிடமிருந்து பந்து சேத்ரிக்குப் போகிறது. சேத்ரி தனக்கு வைத்துக்கொள்ளாமல், ஓடிவரும் சஹல் அப்துல் சமதின் முன்னால் தட்டிவிடுகிறார். சஹல் பாக்ஸுக்குள் நுழைந்து குறுக்கே உருட்டுகிறார். அந்தப் பக்கம் சாங்தே வந்து நிற்கிறார். காலை வைத்தால் போதும். 1-1. பிறகு பெனால்டியில் வென்றோம். அந்தக் கோலில் கோல் அடித்தவரின் ஃபினிஷிங் திறமைக்கு வேலையே இல்லை. ஸ்ட்ரைக்கர் பாஸ் கொடுத்தவர், நடுக்களக்காரர் பாதையைத் திறந்தவர், விங்கர் முடித்தவர். அதே மாதம் ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 99. இன்று அந்த எண்ணைச் சொன்னால் பொய் என்பார்கள். 2025 நவம்பரில் 142க்கு இறங்கியிருந்தோம். நாம் முதலில் இழந்தது அந்த நான்கு பேரை அல்ல. அவர்களுக்கு நடுவே பந்து ஓடிய அந்த ஓட்டத்தைத்தான் இழந்தோம்.

இனி வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் கதைக்கு வருவோம். 2014இல் ஐஎஸ்எல் தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். பிறகு அது ஐந்தாகி, 2021-22இலிருந்து நான்கானது. வெளிநாட்டவர் இடத்தை அடைப்பதுதான் காரணம் என்றால், எண்ணிக்கை குறையக் குறைய இந்திய கோல்கள் கூடியிருக்க வேண்டும். ஆனால் நான்கே கோல் அடித்த 2024 அதற்குப் பிறகுதான் வந்தது.

அதற்கு முன்னாலும்தான் என்ன? ஐ-லீக் காலத்தில் ஒடாஃபா ஒகோலியும் ராண்டி மார்ட்டின்ஸும் யூசிஃப் யாகுபுவும் கோல் பட்டியலை ஆண்டார்கள். அந்தக் காலத்தில்தான் சேத்ரி வளர்ந்தார். 2002இல் பதினேழு வயதில் மோகன் பகானில் சேர்ந்தபோது அங்கே முன்வரிசையில் நின்றவர் பிரேசிலின் ஹோசே பரேட்டோ. நல்ல ஆள் பக்கத்தில் இருந்தால் இளையவன் கெடுவான் என்று எந்தத் தொழிலில் சொல்வார்கள்? 2017-18 ஐஎஸ்எல் பருவத்தைப் பாருங்கள். பெங்களூரு அணியில் ஒன்பதாம் இடத்தில் வெனிசுவேலாவின் மிக்கு. சேத்ரி இடது பக்கத்திலிருந்து உள்ளே வந்து ஆடினார். மிக்கு 15 கோல், சேத்ரி 14. ரசிகர்களின் தடை அன்று அமலில் இருந்திருந்தால் சேத்ரிக்கு ஒன்பதாம் சட்டை கிடைத்திருக்கும். பக்கத்தில் மிக்கு இருந்திருக்க மாட்டார். அந்தப் பதினான்கு வந்திருக்குமா? என்னால் நம்ப முடியவில்லை.

சாங்தேவை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-23இல் மும்பை சிட்டிக்காக 10 கோல், பருவத்தின் சிறந்த வீரர் விருது. அந்த அணியில் அவருக்குப் பந்து கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஸ்காட்லாந்தின் கிரெக் ஸ்டூவர்ட். நடுக்களத்தின் அடியில் நின்று ஆட்டத்தை இயக்கியவர் மொராக்கோவின் அகமது ஜஹூ. இந்திய அணியின் நீலச் சட்டை மாட்டியதும் அதே சாங்தே பாதி ஆளாகிவிடுகிறார் என்று நொந்துகொள்கிறோம். பாதியானது சாங்தே அல்ல. ஸ்டூவர்ட்டும் ஜஹூவும் அந்த விமானத்தில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஆக, வெளிநாட்டவர் இடத்தை அடைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருந்தால் அது வேறோர் இடத்தில் இருக்கிறது. கேரளா பிளாஸ்டர்ஸின் ஆட்டத்தை ஆண்டுக்கணக்கில் நடத்தியவர் உருகுவேயின் அட்ரியன் லூனா. கோவாவிலும் மும்பையிலும் மோகன் பகானிலும் ஹ்யூகோ பூமஸ். ஸ்டூவர்ட், ஜஹூ, இவர்களெல்லாம் யார்? பந்தை வாங்கி, தலை நிமிர்ந்து, எங்கே அனுப்புவது என்று முடிவெடுப்பவர்கள். ஆட்டத்தின் மூளை இருக்கும் இடம் அது. ஒன்பதாம் எண்ணைப் பற்றி இத்தனை கூச்சல் போடும் நாம், பத்தாம் எண்ணையும் ஆறாம் எண்ணையும் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதற்காக அங்கே தடை போடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தடை போட்டால் நாளைக்கே அங்கே ஆட ஆள் வேண்டுமே, யார் இருக்கிறார்கள்? ஜப்பானில் ஜே-லீக் 1993இல் தொடங்கியபோது முதல் பருவத்தின் அதிக கோல்காரர் அர்ஜென்டினாவின் ரமோன் தியாஸ். வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர்கள் அங்கே இன்றும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஜப்பானிய ரசிகர்களும் முடிக்க ஆளில்லை என்று பல ஆண்டுகள் நம்மைப் போலவே அழுதவர்கள். 2010 உலகக் கோப்பைக்கு அவர்கள் பயிற்சியாளர் ஒகாடா நடுக்கள வீரரான ஹோண்டாவையே முன்னால் நிறுத்தினார். கேமரூனையும் டென்மார்க்கையும் வென்று அடுத்த சுற்றுக்குப் போனார்கள். 2022இல் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வீழ்த்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் பந்தை வாங்கிக் கடத்தும் வீரர்களைக் கூட்டம் கூட்டமாக வளர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பியதே அவர்கள் செய்த வேலை.

ஸ்ட்ரைக்கர் என்றாலே கோல் என்ற நம்பிக்கைக்கு இன்னொரு உதாரணம் போதும். 2018இல் பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்றது. அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு ஒலிவியே ஜிரூ, அந்தத் தொடர் முழுவதும் கோல்கம்பங்களுக்குள் ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. அவர் அடிக்க வேண்டிய கோல்களை எம்பாப்பேயும் கிரீஸ்மனும் போக்பாவும் அடித்தார்கள். ஜிரூ நம்மூரில் பிறந்திருந்தால் முதல் ஆட்டத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

வேடிக்கை என்னவென்றால், ஸ்ட்ரைக்கர் பஞ்சம் உள்ள நாடு இதுவல்ல. வியாசர்பாடி தெருவிலோ தூத்தூர் கடற்கரையிலோ மலப்புறத்துச் செவன்ஸ் மைதானத்திலோ பத்துப் பையன்களைக் கூப்பிட்டு, எங்கே ஆடுவாய் என்று கேளுங்கள். எட்டுப் பேர் முன்னால் என்பார்கள். பள்ளி அணியில் எந்தப் பையன் நன்றாக ஆடுகிறானோ அவனை பி.டி. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் நிறுத்துவார். கொஞ்சம் சுமாரானவன் நடுவில். குண்டாக இருப்பவன் பின்னால். ஆகவே ஊரின் சிறந்த கால்கள் எல்லாம் பந்துக்காகக் காத்துக்கொண்டே வளர்கின்றன. நடுவில் நின்று, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, பாதி உடம்பைத் திருப்பி வைத்துப் பந்தை வாங்கும் கலையைப் பத்து வயதில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. முறையான பயிற்சிக்குள் அவன் வரும்போது பதின்மூன்று, பதினான்கு ஆகிவிடுகிறது. அதற்குள் கழுத்துக்குப் பழக்கம் படிந்துவிடும். காரைக்குடிப் பக்கத்துச் சிவசக்தி நாராயணன் போல ஒரு துடிப்பான முன்கள வீரன் தமிழ்நாட்டிலிருந்து வந்துவிடுகிறான். அவனுக்குப் பந்து கொடுக்கும் நடுக்களக்காரன் ஏன் வருவதில்லை என்று இங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இரண்டு ஸ்ட்ரைக்கர் யோசனை இதைவிட மோசம். முன்னால் ஒருவரைக் கூட்டினால் நடுவில் ஒருவர் குறைவார். பந்து வராததுதான் பிரச்சினை என்னும்போது, பந்து கொண்டுவருபவரை எடுத்துவிட்டுப் பந்துக்காகக் காத்திருப்பவரைச் சேர்ப்பது என்ன தந்திரம்? பைச்சுங் பூட்டியா, ஐ.எம். விஜயன் காலத்தைச் சொல்லி உருகுபவர்கள் உண்டு. இன்னும் பின்னால் போய் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுத் தங்கத்தைச் சொல்பவர்களும் உண்டு. தாராளமாகப் போவோம். தென் கொரியாவை 2-1 என்று வென்ற அந்த இறுதியில் ஒரு கோல் பி.கே. பானர்ஜி, இன்னொன்று ஜர்னைல் சிங். ஜர்னைல் டிஃபெண்டர்! தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தவரைப் பயிற்சியாளர் ரஹீம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். சுற்றிலும் சுனி கோஸ்வாமியும் பானர்ஜியும் பலராமும் இருந்தால் டிஃபெண்டரும் சென்டர் ஃபார்வர்டு ஆவார்.

பயிற்சியாளர் தலையை வாங்கும் படலம் தனி. 2024 ஜூனில் ஸ்டிமாச் நீக்கப்பட்டார். மனோலோ மார்க்கேஸ் வந்தார். எஃப்சி கோவாவையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்ட அவர், எட்டு ஆட்டத்தில் மாலத்தீவை மட்டும் வென்றுவிட்டுப் போனார். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல். ஒருவர் குரோஷியர், ஒருவர் ஸ்பானியர், ஒருவர் நம்மவர். மூவரும் ஆட்டத்தைப் பார்க்கும் விதமே வேறுவேறு. மூவர் கையிலும் கோல் வரவில்லை என்றால், குறையை வியூகப் பலகையில் தேடுவதில் பொருளில்லை.

கடைசியாக பாஸ்போர்ட் வைத்தியம். ஹாங்காங் 2025 ஜூனில் நம்மைத் தோற்கடித்த கடைசி நேரப் பெனால்டியை அடித்த ஸ்டெஃபான் பெரேரா பிரேசிலில் பிறந்தவர். ஃபடோர்டாவில் இரண்டு கோலையும் அடித்த சோங் உய்-யோங் தென் கொரியாவில் பிறந்து சிங்கப்பூர்க் குடிமகன் ஆனவர். பார்த்தீர்களா, அவர்கள் ஆள் சேர்க்கிறார்கள் என்கிறோம். ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் 2025 நவம்பரில் இந்தியக் குடியுரிமை பெற்றதும் கொண்டாட்டம் தூள் பறந்தது. வரட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் சோங் உய்-யோங் ஸ்ட்ரைக்கர் அல்ல, நடுக்கள வீரர். பங்களாதேஷ் இங்கிலாந்திலிருந்து முதலில் யாரைக் கூட்டிவந்தது? லெஸ்டர் சிட்டியில் ஆடிய ஹம்சா சௌத்ரியை. தற்காப்பு நடுக்களம் அவர் இடம். கோல் அடிப்பது அவர் வேலையே அல்ல. ஷில்லாங்கில் அவருடைய முதல் ஆட்டத்தில் நம்மைக் கோலின்றி நிறுத்தினார்கள். டாக்காவில் மொர்சலின் பதினோராவது நிமிடத்தில் அடித்த ஒரு கோலை வைத்துக்கொண்டு கடைசிவரை காத்தார்கள். கையில் ஒரே சீட்டு இருந்தபோது அதை எங்கே போடுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவு பேசியாயிற்று, ரசிகர்கள் ஏறக்குறைய பேசாமலே விட்ட ஒன்று மிச்சம் இருக்கிறது. 2010இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஐஎம்ஜி-ரிலையன்ஸோடு போட்ட பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிவதாக இருந்தது. அடுத்து என்ன என்று யாரும் முடிவு செய்யாததால், வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் ஐஎஸ்எல் தொடங்கவில்லை. அக்டோபரில் சிங்கப்பூருக்கு எதிராக இறங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது ஆடிக்கொண்டிருக்க ஒரு லீக்கே இல்லை. ஆட்டமே ஆடாத கால்களுக்கு நடுவே பாஸ் எப்படி ஓடும்? நாம் அந்த மாதம் முழுவதும் ரஹீம் அலியின் ஃபினிஷிங்கைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.